பூட்டில்லாத ஸ்கேன் சர்வர்: ‘ஆர்தாங்க்’ குறைபாடு ஏன் இவ்வளவு ஆபத்தானது?

சி.டி. ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ எடுத்தால் கையில் ஃபிலிமும் ரிப்போர்ட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள். அசல் படம் போவது வேறு இடத்துக்கு. ‘டைகாம்’ என்ற பொது வடிவத்தில், நோயாளியின் பெயர், பிறந்த தேதி எல்லாம் ஒட்டிக்கொண்டு, ஒரு சர்வரில் போய் உட்காரும். டாக்டர் கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்பது அங்கிருந்துதான்.

அப்படியொரு சர்வர் மென்பொருள்தான் ‘ஆர்தாங்க்’. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவானது. இலவசம், யார் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம். 2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான ‘சிசா’ இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. குறைபாட்டின் எண் சி.வி.இ.-2025-0896. தீவிரம், 10-க்கு 9.8.

அப்படி என்னதான் ஓட்டை? 1.5.8-க்கு முந்தைய பதிப்புகளில், வெளியிலிருந்து இணைய அனுமதி கொடுத்தாலும் பாஸ்வேர்டு கேட்கும் வசதி தானாக இயங்காது. நிறுவுபவர்தான் ஞாபகமாக அதை இயக்க வேண்டும். மறந்துவிட்டால் முகவரி தெரிந்த எவரும் உள்ளே வரலாம். படங்களைப் பார்க்கலாம், மாற்றலாம், சர்வரையே முடக்கலாம். ஆர்தாங்க் என்பது டோல்கீன் கதையில் வரும் கறுப்புக் கோபுரத்தின் பெயர். கோபுரமெல்லாம் சரி, கதவைச் சாத்தத்தான் ஆளில்லை.

1.5.8 வெளிவந்தது 2019-ல். பழைய பதிப்பை இன்னும் யாரோ ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்ற அச்சம் இல்லையென்றால் 2025-ல் இந்த எச்சரிக்கைக்கே வேலையில்லை. ‘ஓடுகிற மெஷினில் எதற்குக் கை வைக்க வேண்டும்?’ என்ற தயக்கத்தை வெறும் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. சர்வர் ஒரு மணி நேரம் நின்றால், ஸ்கேனுக்கு வெளியே வரிசை நீளும்.

ஆனால், தயக்கத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது. 2019-ல் ஜெர்மனியின் கிரீன்போன் நிறுவனம் தேடிப் பார்த்தபோது, காப்பில்லாத சுமார் 590 சர்வர்களில் 52 நாடுகளின் 2.4 கோடிக்கும் அதிகமான நோயாளிப் பதிவுகள் திறந்து கிடந்தன. இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. அதே ஆண்டு இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நுரையீரல் சி.டி. படத்தில் இல்லாத புற்றுக்கட்டியைச் சேர்த்தும் இருப்பதை நீக்கியும் காட்டினார்கள். கதிரியக்க மருத்துவர்களே ஏமாந்தார்கள். படம் வெளியே கசிவதைவிட இதுதான் பயங்கரம். பொய்ப் படத்தை நம்பி ஒருவரை ஆபரேஷன் மேஜையில் படுக்க வைத்துவிடலாம்.

பாஸ்வேர்டு போடாதது மருத்துவமனையின் தப்பு என்று கைகழுவுவது சுலபம். சின்ன ஸ்கேன் சென்டரில் சர்வரைப் பொருத்திவிட்டுப் போனவர் யார் என்பதே பல நேரம் தெரியாது. அதனால்தான் பூட்டோடுதான் மென்பொருள் வர வேண்டும், வேண்டாதவர் கழற்றிக்கொள்ளட்டும். ஆர்தாங்க் குழு 2019-ல் செய்ததும் அதைத்தான், கொஞ்சம் தாமதமாக. புதிய பதிப்புக்கு உடனே மாற முடியாதவர்கள், அமைப்புக் கோப்பில் ‘ஆதென்டிகேஷன் எனேபிள்டு’ என்ற வரியை ‘ட்ரூ’ என்று மாற்றி, சர்வரை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். அதற்கு வரிசை குறைந்த ஒரு ராத்திரி போதும்.