இனி அக்கதையைச் சொல்லமாட்டேன்

"சர்தார்ஜி ஒருவர் கடைக்குப் போனாராம்..." என்று ஒருத்தி தொடங்கினாலே போதும், நம் வகுப்பில் சிரிப்பு வெடிக்கும். அவ்வாறு தொடங்குபவள் பெரும்பாலும் நானாகவே இருப்பேன். இனி நான் தொடங்கமாட்டேன். ஏன் என்பதைத் தோழியருக்குச் சொல்லவே இக்கட்டுரை.

சென்ற கோடை விடுமுறையில், என் தந்தையுடன் இராணுவத்தில் பணியாற்றிய சீக்கிய நண்பர் தம் மகளின் திருமணத்திற்கு எங்களை அழைத்திருந்தார். அவரை நான் 'சிங் மாமா' என்பேன். இரண்டு நாள் இரயில் பயணம் செய்து பஞ்சாபிலுள்ள அமிர்தசரஸ் நகரை அடைந்தோம்.

திருமணம் காலையில் குருத்துவாராவில் நடைபெற்றது. காலணிகளைக் கழற்றி, தலையைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளே சென்றோம். செல்வரும் ஏழையும் தரையில்தான் அமர்ந்தனர். அங்கே வேள்வித்தீ இல்லை, தாலியும் இல்லை. விதானத்தின் கீழே அவர்களின் திருமறையாகிய குரு கிரந்த சாகிப் இருந்தது. 1708-ஆம் ஆண்டில் பத்தாம் குருவாகிய கோவிந்த் சிங், தமக்குப்பின் அத்திருமறையையே குருவாகக் கொள்ளப் பணித்தார். அனைவரும் நெற்றி நிலத்தில் பட அதனை வணங்கினர். நாங்கள் கைகூப்பினோம். எவரும் எங்களைக் குறை கூறவில்லை.

மணமகனின் தோளில் கிடந்த நீண்ட துணியின் முனையைச் சிங் மாமா தம் மகளின் கையில் கொடுத்தார். அப்போது அவருடைய கண்கள் கலங்கின. நான்காம் குரு ராம்தாஸ் இயற்றிய நான்கு 'லாவான்' பாடல்களும் ஒவ்வொன்றாகப் பாடப்பட, மணமக்கள் திருமறையை நான்குமுறை வலம் வந்தனர். இத்திருமணத்தின் பெயர் 'ஆனந்த் காரஜ்'. ஆனந்தமான காரியம் என்பது பொருள்.

பின்பு 'லங்கர்' என்னும் பொது உணவுக்கூடத்தில் வரிசையாக அமர்ந்தோம். ஒரே வரிசையில் எல்லோரும் உண்ணும் இவ்வழக்கம் குருநானக் காலந்தொட்டு வருவது. தலைப்பாகை அணிந்த முதியவர் ஒருவர் குனிந்து ரொட்டி கொடுத்து வந்தார். நான் ஒரு கையை நீட்டினேன். அவர் புன்னகையுடன் தம் இரு கைகளையும் சேர்த்துக் காட்டினார். உணவை இறைவனின் கொடையாக இரு கைகளாலும் ஏற்கவேண்டுமாம். அவர்தாம் மணமகளின் தாத்தா!

என் அருகில் மணமகளின் தங்கை அமர்ந்திருந்தாள். என் வயதுதான். "உங்கள் ஊரில் எங்களைப் பற்றி என்ன பேசிக்கொள்வார்கள்?" என்று ஆவலுடன் கேட்டாள். எனக்குத் தெரிந்தவையெல்லாம் அந்தத் துணுக்குகளே! ரொட்டி தொண்டையில் சிக்கியது. "நல்லவர்கள் என்பார்கள்" என்று பொய் சொன்னேன்.

"வேடிக்கைக்குத்தானே சொல்கிறோம்?" எனச் சிலர் கேட்கலாம். வேடிக்கையென்றால் அவளிடம் என்னால் ஏன் சொல்ல முடியவில்லை? வடநாட்டில் நம்மை 'மதராசி' என்று கேலி செய்தால் நமக்குக் கோபம் வருகிறதல்லவா? நாம் சிரிப்பதோ, அதைக் கேட்கச் சீக்கியர் ஒருவரும் இல்லாத வகுப்பறையில்! அது வீரமும் அன்று, நகைச்சுவையும் அன்று.

விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே தந்தார் வள்ளுவர். விருந்தாளிக்கும் கடமை உண்டு என்பதை நான் அமிர்தசரஸில் கற்றேன். இனியும் அக்கதைகளைச் சொன்னால் அது உண்ட வீட்டுக்கு இரண்டகம். அவ்வீட்டில் உண்ணாத தோழியரே, அடுத்தமுறை ஒருத்தி "சர்தார்ஜி ஒருவர்" என்று தொடங்கும்போது, நீங்களும் சிரிக்காதிருப்பீர்களா?

— பத்தாம் வகுப்பு மாணவி