திறந்த வானமும் மூடிய கண்களும்

தோழா!

ஞாயிறு காலை. படிப்பகத்து வாங்கில் அமர்ந்து ஏட்டைப் புரட்டுகிறாய். தலைக்கு மேலே ஓர் இரைச்சல், அண்ணாந்து பார்க்கிறாய். வானத்தில் வெள்ளைக் கோடு இழுத்தபடி விமானம் ஒன்று போகிறது. வளைகுடா நாட்டில் உழைத்துப் பிழைக்கச் சென்ற உன் அண்ணன் இப்படி ஒன்றில்தான் போனான். இப்படி ஒன்றில்தான் திரும்பி வருவான். "பத்திரமாகப் போய்ச் சேரட்டும்" என்று மனத்துக்குள் வாழ்த்திவிட்டு மீண்டும் ஏட்டில் கண் பதிக்கிறாய்.

வாழ்த்துவது உன் பண்பு. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த விமானம் எந்தெந்த நாட்டின் தலைமீது பறக்கப் போகிறது, அங்கே அமைதி நிலவுகிறதா, பீரங்கி முழங்குகிறதா என்பதை அதில் அமர்ந்திருப்பவனாவது அறிவானா? அறியமாட்டான். பயணச்சீட்டில் இருக்கை எண் இருக்கும். கடந்து செல்லும் போர்க்களத்தின் பெயர் இருக்காது. அதைப்பற்றித்தான் இன்று உன்னுடன் பேச வந்தேன்.

2014 ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள் 17 ஆம் நாள். ஆம்ஸ்டர்டாம் நகரிலிருந்து கோலாலம்பூர் நோக்கிப் புறப்பட்டது மலேசிய விமானம் எம்.எச்.17. பயணிகள் 283 பேர். பணியாளர் 15 பேர். விடுமுறைக்குச் சென்ற குடும்பங்கள் அதிலே இருந்தன. மெல்போர்ன் நகரில் நடைபெறவிருந்த எய்ட்ஸ் நோய் பற்றிய மாநாட்டுக்குச் சென்ற அறிஞர்கள் இருந்தனர். தாயின் மடியிலும் தந்தையின் தோளிலும் குழந்தைகள் இருந்தனர். கீழே கிழக்கு உக்ரைன், அங்கே போர். தரையிலிருந்து கிளம்பியது பூக் எனும் ஏவுகணை. 298 உயிர்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சூரியகாந்தி பூத்திருந்த வயல்களிலே சிதறிக் கிடந்தன உடல்களும் உடைமைகளும்.

ஏவியவர்கள் குற்றவாளிகள், அதிலே ஐயமில்லை. அந்த ஏவுகணை ரஷ்யாவிலிருந்து கொண்டுவரப்பட்டது என்று கண்டு, 2022 ஆம் ஆண்டு நெதர்லாந்து நீதிமன்றம் மூவருக்கு வாழ்நாள் சிறை விதித்தது. மூவரும் மன்றத்துக்கு வராதவர்கள்; சிறைக்கதவு அவர்களுக்காகக் காத்துக் கிடக்கிறது. 2025 ஆம் ஆண்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பொறுப்பு ரஷ்ய அரசுடையது என்று தீர்ப்பளித்தது.

ஆனால் தோழா, ஏவியவனைப் பற்றிப் பேசி முடித்த பின்னும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. போர்க்களத்தின் மேலே அந்த விமானம் பறக்க விடப்பட்டது ஏன்?

கேள், வேடிக்கையை! வேடிக்கையா அது? வேதனை! வீழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பு, ஜூலை 14 ஆம் நாள், அதே பகுதியில் உக்ரைன் இராணுவத்தின் சரக்கு விமானமொன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அன்றே அந்த வான்வெளி 32,000 அடி உயரம் வரை மூடப்பட்டது. அதற்கு மேலே? திறந்தே கிடந்தது! எம்.எச்.17 பறந்த உயரம் 33,000 அடி. இடைவெளி ஆயிரம் அடி. உன் வீட்டுத் திண்ணையிலிருந்து தெருமுனைத் தேநீர்க் கடைக்கு நடக்கிறாயே, அவ்வளவு தொலைவு! அந்த ஏவுகணையோ விமானம் பறந்த உயரத்தைப் போல் இருமடங்கு எட்டவல்லது. காகிதத்தில் கோடு கிழித்தார்கள். அதைப் படித்துவிட்டா பாயும் ஏவுகணை?

அன்று ஒரு நாள் மட்டும், வான்வழி முற்றிலும் மூடப்படும் வரை, அந்த வட்டாரத்தின் மேலே பறந்து சென்ற பயணிகள் விமானங்கள் 160. விசாரணை நடத்திய நெதர்லாந்துப் பாதுகாப்பு வாரியம் 2015 இல் தந்த அறிக்கை இதைச் சொல்கிறது. வான்வெளியை முழுமையாக மூடுவதற்கு உக்ரைனுக்குப் போதிய காரணம் இருந்தது என்றும் சொல்கிறது.

நாடகம் எழுதிப் பழகிய கை இது. ஆகவே காட்சியாகவே காட்டுகிறேன். மனச்சான்று எனும் மன்றம் கூடியிருக்கிறது. கூண்டில் ஒவ்வொருவராக ஏறுகின்றனர்.

வானுக்குரிய அரசு: "32,000 அடி வரை மூடினேனே!"

விமான நிறுவனம்: "அதற்கு மேலே திறந்திருந்ததே! திறந்த வழியில்தானே சென்றேன்? நான் மட்டுமா சென்றேன்?"

அயல் அரசுகள்: "அது அடுத்தவர் வானம், நாங்கள் எப்படி மூடுவது?"

உலக விமான அமைப்பு: "வழிகாட்டத்தான் முடியும், வானை மூடும் அதிகாரம் எனக்கில்லை."

வாதி எங்கே என்று மன்றம் கேட்கிறது. வாதியின் இருக்கை காலியாக இருக்கிறது. அவன் வயலில் கிடக்கிறான்.

ஒவ்வொருவர் சொல்வதிலும் உண்மை கொஞ்சம் உண்டு. அதனால்தான் அது அச்சமூட்டுகிறது. 1944 ஆம் ஆண்டுச் சிகாகோ ஒப்பந்தப்படி, தன் மண்ணுக்கு மேலுள்ள வானம் அந்தந்த அரசுக்கே உரியது. மூடுவதும் திறப்பதும் அதன் உரிமை. மூடினால், கடந்து செல்லும் விமானங்கள் செலுத்தும் கட்டணம் நின்றுபோகும். "என் நாட்டு வானம் என் கையில் இல்லை" என்று உலகறிய ஒப்புக்கொள்ளவும் வேண்டும். எந்த அரசுக்கு அது இனிக்கும்? சுற்றி வளைத்துச் சென்றால் நிறுவனத்துக்கு எரிபொருளும் நேரமும் செலவு. எந்த வணிகனுக்கு அது பிடிக்கும்? ஆனால் அயல் அரசுகளைக் கேட்கிறேன்: அடுத்தவர் வானத்தை மூட முடியாது, சரி, "அங்கே பறக்காதே" என்று தன் நாட்டு நிறுவனங்களுக்கு ஆணையிட உங்களுக்கு அதிகாரம் உண்டே, அது எங்கே உறங்கியது?

ஒரு பாடம் போதாதா? போதவில்லை. 2020 ஆம் ஆண்டு ஜனவரி 8 ஆம் நாள் விடியலுக்கு முன், ஈராக்கில் இருந்த அமெரிக்கப் படைத்தளங்கள் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. பதிலடி வருமென்று விழித்திருந்தது அதன் படை. ஆனால் தெஹ்ரான் விமான நிலையமோ வழக்கம்போல் இயங்கியது! அங்கிருந்து கிளம்பிய உக்ரைன் நாட்டுப் பயணிகள் விமானத்தைச் சில நிமிடங்களில் ஈரானியப் படையே சுட்டு வீழ்த்தியது. 176 பேர் மாண்டனர். மூன்று நாள் கழித்து வந்தது ஒப்புதல்: மனிதத் தவறாம்! சுட்டவன் தவறினான், சரி. வானைத் திறந்து வைத்ததும் தவறல்லவா?

ஒரு நாட்டை மட்டும் சுட்டிக்காட்டித் தப்பிவிட இயலாது. 1988 ஆம் ஆண்டு ஜூலை 3 ஆம் நாள், போர் நடந்துகொண்டிருந்த பாரசீக வளைகுடாவின் மேலே துபாய்க்குப் பறந்த ஈரானியப் பயணிகள் விமானத்தை அமெரிக்கப் போர்க்கப்பல் வீழ்த்தியது. 290 பேர் மடிந்தனர். கொடிகள் மாறுகின்றன, கண்ணீரின் நிறம் மாறவில்லை.

"மூடு, மூடு என்றால் உலகம் எப்படி இயங்கும்?" என்று கேட்பார் உண்டு. அவர்களுக்கு விடை 2025 ஆம் ஆண்டு ஜூன் 23 ஆம் நாள் மாலையில் இருக்கிறது. கத்தார் அரசு தன் வான்வெளியை மூடியது. விமானங்கள் திருப்பி விடப்பட்டன; விமான நிலையங்களில் பயணிகள் காத்துக் கிடந்தனர். சிறிது நேரத்தில், அங்குள்ள அமெரிக்கத் தளத்தை நோக்கி ஈரானிய ஏவுகணைகள் வந்தன. பயணிகள் விமானம் எதுவும் விழவில்லை. நள்ளிரவு கடந்ததும் வான் திறந்தது. உலகம் நின்றா போயிற்று? சில மணி நேரம் தாமதமாயிற்று, அவ்வளவுதான்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். பயணிகள் விமானத்தை எட்டும் ஏவுகணை போர்க்களத்தில் இருக்குமானால் முதலில் வானை மூடு. ஆபத்தில்லை என்று உறுதியான பிறகு திற. செய்தி அறிந்த அரசு அதைத் தன்னிடமே பூட்டி வைக்காமல் பிறருக்கும் சொல்லட்டும். எந்த வழியாக அழைத்துச் செல்கிறாய் என்பதை, பயணச்சீட்டு விற்கும் நிறுவனம், வாங்குபவனுக்குச் சொல்லட்டும்.

தோழா! அடுத்த முறை உன் அண்ணனுக்குப் பயணச்சீட்டு எடுக்கும்போது, கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதே. வழி எது என்று கேள். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். ஓராயிரம் பேர் கேட்டால் சிந்திப்பார்கள். ஊரெல்லாம் கேட்டால், சொல்லித்தான் ஆகவேண்டும்.