ராஜபக்சேவுக்கு விருது கொடுத்த பாலஸ்தீனத்துக்கு தமிழர்கள் ஏன் குரல் கொடுக்கணும்?

2025 செப்டம்பர் 19 அன்று, காசா மீதான தாக்குதலைக் கண்டித்து பெரியாரிய அமைப்புகள் சென்னையில் நடத்திய பேரணியில் சத்யராஜ், பிரகாஷ்ராஜ், வெற்றிமாறன் கலந்துகொண்டார்கள். அக்டோபர் 8-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் கண்டன நிகழ்ச்சிக்கு முதல்வர் ஸ்டாலினே வந்தார். ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு கேள்வியும் வந்துவிடுகிறது: "ராஜபக்சேவுக்கு விருது கொடுத்தவங்களுக்காக நாம ஏன் கத்தணும்?"

தட்டிக்கழிக்க முடியாத கேள்வி இது. ஏன்னா, விருது உண்மை. 2014 ஜனவரியில் 'ஸ்டார் ஆஃப் பாலஸ்தீன்' விருதை மஹிந்த ராஜபக்சேவுக்கு வழங்கினார் பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸ். முள்ளிவாய்க்கால் முடிந்து அப்போது ஐந்து வருடம்கூட ஆகவில்லை. இலங்கையில் பாலஸ்தீன ஒருமைப்பாட்டுக் குழுவின் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தவர் ராஜபக்சே. அந்தப் பழக்கம்தான் காரணம். அதே பயணத்தில் அவர் இஸ்ரேலுக்கும் போனார். அதை யாரும் பேசுவதில்லை. பின்னாளில் வன்னியில் குண்டு போட்ட கிஃபிர் விமானங்களை 1996-ல் இலங்கைக்கு விற்றதே இஸ்ரேல்தான்.

சரி, விருதைக் கொடுத்தது பாலஸ்தீன மக்களா? அப்பாஸ் 2005 ஜனவரியில் நான்கு ஆண்டுப் பதவிக்குத் தேர்வானவர். அதன்பிறகு அதிபர் தேர்தலே நடக்கவில்லை. 2021-ல் அறிவித்த தேர்தலையும் தள்ளிவைத்துவிட்டார். அந்த ஜூனில், அவரை விமர்சித்துவந்த நிஸார் பனாத் பாலஸ்தீனப் பாதுகாப்புப் படையின் பிடியிலேயே உயிரிழந்தார். அப்பாஸ் பதவி விலகணும்னு ரமல்லா தெருக்களில் இறங்கியது பாலஸ்தீன மக்கள்தான்.

மற்ற அரபு அரசுகளின் கதையும் இதேதான். 2009 மே 27-ல் ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சிலில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளோடு நிறைவேறியது. எகிப்து, பஹ்ரைன், சவுதி ஆதரித்தன. இந்தியாவும் ஆதரித்தது (அதற்காகத் தமிழ்நாட்டு மக்களைக் குறை சொன்னால் ஒத்துக்கொள்வோமா?). இரண்டே வருடத்தில் எகிப்து மக்கள் முபாரக்கை இறக்கினார்கள். பஹ்ரைனில் ஜனநாயகம் கேட்டவர்களின் போராட்டம், சவுதி படைகள் உள்ளே வந்த பிறகு நசுக்கப்பட்டது.

தமிழர்களின் பாலஸ்தீனத் தொடர்பு இந்த விருதைவிடப் பழசு. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானப் புத்தகக் காட்சியில் மஹ்மூத் தர்வீஷைத் தேடுகிறவர்கள் கவனிக்க: அவர் தமிழுக்கு வந்த முக்கியமான வழி சென்னை அல்ல, கிழக்கிலங்கை. எம்.ஏ.நுஃமான் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' 1981-லேயே வெளிவந்தது. ஈரோஸ் இயக்க இளைஞர்கள் லெபனானுக்குப் போய் பாலஸ்தீனப் போராளிகளிடம் பயிற்சி எடுத்தது அதற்கும் முன்பு, 1970-களில்.