ஏழையின் வாசற்படி



தவக்காலம் என்றதும் செபம், நோன்பு, அறச்செயல் ஆகிய மூன்றும் எமது நினைவிற்கு வருகின்றன. சிறுவர்கள் உண்டியல்களில் சில்லறை சேர்க்கின்றனர். அன்பியங்களில் அரிசிப் பொதிகள் கட்டப்படுகின்றன. பங்குகளில் வறியோரின் பெயர்ப்பட்டியல்கள் தயாராகின்றன. இவை யாவும் நல்லவையே. ஆயினும் பல ஆண்டுகளாக என் உள்ளத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். நாம் செய்யும் உதவி அதைப் பெறுகின்றவரை விடுதலை செய்கின்றதா? அல்லது அவரது கைகளில் இன்னுமொரு கட்டைப் போடுகின்றதா?

இக்கேள்வியை எனக்குக் கற்றுத்தந்தது சாத்தியிருந்த ஒரு கதவு.

யுத்தம் 2009இல் முடிவடைந்து சில ஆண்டுகள் கடந்த பின்னர், வன்னியிலுள்ள ஒரு சிறிய பங்கில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன். புலம்பெயர்ந்து வாழும் அன்பர்கள் சிலர் அனுப்பிய பணத்தில் வறிய குடும்பங்களுக்கு உலருணவுப் பொதிகள் வழங்க ஏற்பாடு செய்தோம். ஆலய முற்றத்தில் பந்தலிட்டு, ஒலிபெருக்கியில் பெயர்களை வாசித்து, ஒவ்வொருவராக அழைத்துக் கொடுத்தோம். பணம் அனுப்பியவர்களுக்குக் காட்டுவதற்காகப் புகைப்படங்களும் எடுத்தோம். கணவனை இழந்த, மூன்று பிள்ளைகளின் தாயொருவரின் பெயர் மூன்று முறை வாசிக்கப்பட்டும் அவர் வரவில்லை. ‘பொதி தேவையில்லாதவர்கள் பட்டியலில் பெயர் கொடுக்காதிருப்பது நல்லது’ என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டேன். அந்தச் சொல் இன்றும் என்னை உறுத்துகின்றது.

அன்று மாலை அந்தப் பொதியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவரது வீட்டிற்குச் சென்றேன். கூரையின் மேலாக அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது, கதவோ சாத்தியிருந்தது. தட்டினேன்; பதிலில்லை. ‘பாதர் வந்திருக்கிறன் அம்மா’ என்று குரல் கொடுத்த பின்னரே கதவு திறந்தது.

‘மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டதும் லோன்காரர் எண்டு நினைச்சிட்டன் பாதர்’ என்றார்.

ஆலயத்திற்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். சிறிது நேரம் தலைகுனிந்து நின்றவர், ‘அவையள் கோயில் வாசலிலைதான் நிண்டவை. ஆர் ஆர் வருகினம் எண்டு ஸ்பீக்கரிலை நீங்கள்தானே பாதர் வாசிச்சனீங்கள்’ என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். உதவி செய்வதாக எண்ணி நான் வாசித்த பட்டியல், கடன் வசூலிக்க வந்தவர்களுக்கு வழிகாட்டியாக அமைந்துவிட்டது.

வாசகர்களே, அத்தாயின் கதை வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ பெண்களின் கதையாகும். கோழி வளர்ப்பதற்கென்று ஒரு நுண்கடன் பெற்றார். கோழிகள் நோயில் இறந்தன. முதற்கடனின் தவணையைக் கட்ட இன்னொரு இடத்தில் இரண்டாவது கடன் பெற்றார். இரண்டாவதை அடைக்க மூன்றாவது. இக்கடன்களுக்கு நகையோ காணியோ பிணையாகக் கேட்கப்படுவதில்லை. அயலிலுள்ள பெண்கள் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நிற்க வேண்டும். கிழமைதோறும் தவணை கட்ட வேண்டும். ஒருத்தி தவறினால் அவளது பங்கை ஏனையோர் கட்ட வேண்டும். இதனால் கடன்பட்டவளை நெருக்கும் வேலையை அவளது சொந்த அயலவர்களே செய்யத் தொடங்கினர். கிணற்றடியில் ஒன்றாகத் தண்ணீர் அள்ளியவர்கள் முகம் பாராதவர்களாயினர். அத்தாய் பணத்தை மட்டுமன்றி, அயலையும் இழந்தார்.

இத்துன்பம் எவருக்கும் தெரியாமல் மறைந்திருந்த ஒன்றன்று. 2016இல் நுண்நிதித் தொழிலை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றப்பட்டது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், 1 இலட்சம் ரூபாவிற்குட்பட்ட கடன்களைப் பெற்றுத் தவணை தவறிய பெண்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஒருவர் இங்கு வந்து, கடன் வசூலிப்போரால் பெண்கள் படும் துன்பங்களைச் சுட்டிக்காட்டினார். ஆனால் அந்த நிவாரணங்கள் வரும்வரை எத்தனை கதவுகள் உள்ளிருந்து தாழிடப்பட்டிருந்தன என்பதை இறைவன் ஒருவரே அறிவார்.

இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரத்தில் ஒரு சிறிய கட்டளை உண்டு. நாம் அதனை விரைவாக வாசித்துக் கடந்துவிடுகின்றோம். அயலவனுக்குக் கடன் கொடுத்தவன், அடகுப் பொருளை எடுப்பதற்காகக் கடன்பட்டவனின் வீட்டிற்குள் நுழையலாகாது. அவன் வெளியே நிற்க வேண்டும். கடன்பட்டவனே பொருளை வெளியே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அதே அதிகாரம், மாவரைக்கும் கல்லை அடகாக வாங்குவதையும் தடைசெய்கின்றது; ஏனெனில் அது ஒருவனது உயிரையே அடகு வைப்பதாகும். ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால், பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

எத்துணை ஆழமான கட்டளை இது! கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை என்று ஆண்டவர் இங்கு கூறவில்லை. ஆனால் கடன்பட்டவனுக்கும் ஒரு வாசற்படி உண்டு. பணம் கொடுத்த காரணத்தால் அதனைத் தாண்டும் உரிமை எவருக்கும் கிடையாது என்று கூறுகின்றார். அந்த வாசற்படிதான் தனிமனித சுதந்திரத்தின் எல்லைக்கோடு. உள்ளே இருப்பது ஒரு தாயின் மானம், ஒரு தந்தையின் கண்ணீர், பிள்ளைகளின் நித்திரை. இறைவன் தம் சாயலாகப் படைத்த மனிதனின் மதிப்பை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பற்று எழுத முடியாது.

‘அவர் தமது விருப்பத்தோடுதானே கையொப்பமிட்டார்? பலவந்தம் எங்கே?’ என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்விக்கு 1891ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தமது ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் பதிலளித்துள்ளார். வறுமையின் நெருக்கடியால், அல்லது இதைவிட மோசமானது நேர்ந்துவிடுமோ என்ற அச்சத்தால், ஒரு தொழிலாளி போதாத கூலிக்கு இணங்கினால், அந்த இணக்கம் சுதந்திரமானதன்று. அவர் பலவந்தத்திற்கும் அநீதிக்கும் இரையாகின்றார் என்பது அவரது போதனை. 2025இல் தெரிவுசெய்யப்பட்ட எமது திருத்தந்தை அதே பெயரைத் தெரிந்துகொண்டதை நாம் அறிவோம். வேறு வழிகள் யாவும் அடைபட்ட நிலையில், திறந்திருக்கும் ஒரேயொரு வழியில் செல்வதைச் சுதந்திரமான தெரிவு என்று கூறலாமா? பசித்த பிள்ளைகள் அருகிலிருக்க ஒரு தாய் இடும் கையொப்பத்தில் அவரது விருப்பம் எவ்வளவு, அவரது பயம் எவ்வளவு என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கடன்காரனுக்கு அஞ்சிய இன்னொரு கைம்பெண்ணை மறைநூலில் காண்கின்றோம் (2 அரசர் 4:1-7). அவளது இரு புதல்வர்களையும் அடிமைகளாகக் கொண்டுசெல்லக் கடன் கொடுத்தவன் வருகின்றான். அவள் இறைவாக்கினர் எலிசாவிடம் முறையிடுகின்றாள். எலிசா அவளது கையில் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடவில்லை. உன் வீட்டில் என்ன இருக்கின்றது என்று கேட்கின்றார். ஒரு கலயம் எண்ணெய் மட்டுமே இருக்கின்றது. அயலவர் அனைவரிடமும் சென்று வெற்றுப் பாத்திரங்களை இரவல் வாங்கும்படி பணிக்கின்றார். பின்னர் பிள்ளைகளோடு உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெயை ஊற்றச் சொல்கின்றார். பாத்திரங்கள் யாவும் நிறைகின்றன. அதனை விற்றுக் கடனை அடைத்து, எஞ்சியதைக்கொண்டு அவள் பிள்ளைகளோடு வாழ்கின்றாள்.

இப்புதுமையில் மூன்று விடயங்கள் என்னைத் தொடுகின்றன. முதலாவது, உதவி பெறுகின்றவரிடமும் ஏதோ ஒன்று உண்டு என்று எலிசா நம்பினார். இரண்டாவது, அயலவரின் பங்கும் அதில் இருந்தது. அவர்கள் கொடுத்தவை வெற்றுப் பாத்திரங்களே, ஆயினும் அவையின்றி எண்ணெய்க்கு இடமிருந்திராது. மூன்றாவது, கதவு சாத்தப்பட்டது. இறைவனின் கொடை நிகழ்ந்தபோது அதனை வேடிக்கை பார்க்க எவரும் அழைக்கப்படவில்லை. நானோ பந்தலிட்டு, ஒலிபெருக்கி கட்டி, புகைப்படம் எடுத்தேன்!

எலிசா ஒரு குடும்பத்தை மீட்டார். ஆனால் ஊர் முழுவதும் கடனில் மூழ்கினால் என்ன செய்வது? நெகேமியா நூலின் 5ஆம் அதிகாரம் அதற்கு வழிகாட்டுகின்றது. பஞ்ச காலத்தில் மக்கள் தானியத்திற்காக வயல்களையும் வீடுகளையும் அடகு வைத்தனர்; அரச வரிக்காகக் கடன்பட்டனர்; புதல்வர் புதல்வியரை அடிமைகளாக்கினர். அவர்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் அந்நியரல்லர். சொந்த இனத்துச் சகோதரர்கள். நெகேமியா பிரமுகர்களைக் கூட்டிச் சபை நடுவில் கண்டித்தார். அப்போது அவர், தாமும் தம் சகோதரரும் பணியாளரும்கூடப் பணமும் தானியமும் கடனாகக் கொடுத்திருப்பதை மறைக்கவில்லை. இந்த வட்டியை நாம் எல்லோரும் விட்டுவிடுவோம் என்று தம்மையும் சேர்த்தே பேசினார். வயல்களும் வீடுகளும் வட்டியும் திருப்பிக் கொடுக்கப்பட்டன.

அநீதியைப் பற்றிப் பேசும்போது விரலை வெளியே நீட்டுவது எளிது. நிறுவனங்களைக் குறைகூறும் எமது குடும்பங்களில், அயலவரின் தாலியை அடகாக வைத்திருக்கும் வீடுகள் இல்லையா? மீற்றர் வட்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு ஞாயிறு திருப்பலியில் முன்வரிசையில் அமர்வோர் இல்லையா? கோபத்தோடு தம் தவற்றையும் ஏற்றுக்கொண்டதால்தான் நெகேமியாவின் சொல்லுக்கு ஊர் செவிசாய்த்தது.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக எமது நாடே அறிவித்தது. கடன் கொடுத்தோரிடம் தவணையும் தள்ளுபடியும் கேட்டு நின்றோம். அது தவறன்று. 2025ஆம் ஆண்டின் யூபிலியை அறிவித்த மடலில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும் வறிய நாடுகளின் கடன்களை மன்னிக்குமாறு செல்வந்த நாடுகளை வேண்டினார். ஆனால் பத்தாயிரம் தாலந்து மன்னிக்கப்பெற்ற பணியாளன், தன்னிடம் நூறு தெனாரியம் கடன்பட்டவனின் கழுத்தை நெரித்த உவமையை நாம் மறக்கலாகாது (மத்தேயு 18:23-35). நாட்டிற்கு இரக்கம் கேட்ட நாம், கிழமைத் தவணை கட்ட முடியாத அயல்வீட்டுப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்கின்றோம்?

ஆகவே இத்தவக்காலத்தில் சிலவற்றையேனும் செய்வோம். கொடுப்பதை வாசலுக்குச் சென்று அமைதியாகக் கொடுப்போம். 1833இல் பாரிஸ் நகரில் பிரடெரிக் ஓசானாமும் அவரது மாணவ நண்பர்களும் ஆரம்பித்த வின்சென்ட் டி போல் சபையினர், ஏழைகளை வரிசையில் நிறுத்தாது வீடு தேடிச் சென்றதை நினைவுகூர்வோம். கடன் பத்திரத்தில் கையொப்பமிடப் போகும் உறவினருக்கு அதனை வாசித்து விளக்குவோம். 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் கண்ட நாடு இது. ஊரின் சேமிப்பு ஊருக்கே உதவும் சிக்கனக் கடனுதவிச் சங்கங்களை மீண்டும் உயிர்ப்பிப்போம். எமக்குக் கடன்பட்டவர்களில் ஒருவருக்காவது வட்டியை விட்டுக்கொடுப்போம். கிறிஸ்து எமக்குத் தந்த விடுதலை, எமது விருப்பம்போல் வாழ்வதற்கன்று, அன்பினால் ஒருவருக்கொருவர் பணிபுரிவதற்கே என்று புனித பவுல் கற்பிக்கின்றார் (கலாத்தியர் 5:13). அநீதியின் கட்டுகளை அவிழ்ப்பதே ஆண்டவர் விரும்பும் நோன்பு என்று எசாயா முழங்குகின்றார் (எசாயா 58).

அத்தாய்க்கு என்ன நடந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். அன்பியத்துப் பெண்கள் நால்வர் ஒரு மாலையில் அவரது வீட்டிற்குச் சென்று, பிள்ளையின் பாடசாலைக் கொப்பியில் எல்லாக் கடன்களையும் எழுதிக் கணக்குப் பார்த்தனர். அவரோடு கூடச் சென்று தவணையைக் குறைக்கும்படி பேசினர். ஒருவர் கோழிக்குஞ்சுகள் கொடுத்தார். இன்னொருவர் தையல் வேலை தேடிக் கொடுத்தார். கடன் முழுவதும் தீர இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நான் அந்தப் பங்கிலிருந்து மாற்றலாகும் முன் வந்த தவக்காலத்தில், அவர் ஒரு சிறிய அரிசிப் பொதியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

‘ஆருக்கும் குடுங்கோ பாதர். ஆனா பேர் மட்டும் வாசிக்க வேண்டாம்’ என்றார்.

இரக்கமுள்ள ஆண்டவரே, ஏழையின் வாசற்படியில் மரியாதையோடு நிற்க எமக்குக் கற்றுத்தாரும். எமது கைகள் கொடுக்கும்போது எவரையும் கட்டாதிருக்கவும், கட்டுண்டவர்களைக் காணும்போது அவிழ்க்கத் தயங்காதிருக்கவும் அருள்புரியும். ஆமென்.