அழைத்தலும் அமர்த்துதலும்

புகழ் பெற்ற ஒருவரைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்ள விரும்பாத நிறுவனம் உலகில் இல்லை. அரசவை முதல் ஆட்டக்களம் வரை இவ்விருப்பம் பொதுவானதே. ஆயின், சேர்த்துக்கொண்ட பின்னர் அவரை எங்கே அமர்த்துவது, அவர் அருகில் யாரை வளர்ப்பது என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. இவ்வுண்மையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று 2010ஆம் ஆண்டில் அமெரிக்க ஆட்டக்களத்தில் நடந்தது. தமிழ்த்துறை மலரில் அமெரிக்க ஆட்டம் எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். பாடம் எங்கிருந்து வரினும் பாடமே என்பது நம் விடை.

அமெரிக்கர் 'ஃபுட்பால்' என வழங்குவது நாம் அறிந்த கால்பந்தன்று. பெயரில் கால் இருப்பினும் ஆட்டம் பெரிதும் கையில்தான் நிகழ்கிறது. முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடியோ, எறிந்து பிடித்தோ எதிரணியின் எல்லையைக் கடத்தல் வேண்டும். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். தொலைவில் ஓடிச்சென்று அதனைப் பிடிப்பவர் ரிசீவர். இந்த ரிசீவரின் நிலை சற்று இரங்கத்தக்கது. எவ்வளவு விரைந்து ஓடினாலும் பிறர் எறிந்தாலன்றி அவர் கையில் பந்து வாராது. ஆகவே, 'என்னைப் பாருங்கள், எனக்கே எறியுங்கள்' என்று கேட்கும் பழக்கம் அத்தொழிலோடு ஒட்டிப் பிறந்தது போலும். ஆரவாரம் மிக்க ஆட்டக்காரர் பலர் அவ்விடத்திலிருந்தே தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அத்தகையோருள் தலையாயவர் டெரல் ஓவன்ஸ். 1973இல் அலபாமா மாநிலத்தில் பிறந்து, பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர். 1996இல் சான் பிரான்சிஸ்கோ அணியில் சேர்ந்தார். 2000ஆம் ஆண்டில் டல்லஸ் அணியின் சொந்தத் திடலில், அவ்வணியின் நட்சத்திரச் சின்னத்தின் மீதே போய் நின்று கைகளை விரித்து வெற்றி கொண்டாடினார். அவருடைய சொந்தப் பயிற்சியாளரே அதற்காக அவரை ஓர் ஆட்டத்திற்கு விலக்கி வைத்தார். 2002இல் காலுறைக்குள் மறைத்து வைத்திருந்த பேனாவை எடுத்து, வென்ற பந்தில் அங்கேயே கையொப்பமிட்டார். இவையெல்லாம் வெறும் பகட்டு என்று தள்ளிவிடவும் இயலாது. பிலடெல்பியா அணிக்காக ஆடியபோது 2004 டிசம்பரில் அவர் கால் எலும்பு முறிந்தது. ஏழு வாரங்களில், 2005 பிப்ரவரி 6ஆம் நாள் நடந்த இறுதிப் போட்டியில் களமிறங்கி, 9 பந்துகளைப் பிடித்து 122 கெஜம் கடந்தார். பகட்டுக்குப் பின்னே உழைப்பும் இருந்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

இனி, நாம் எடுத்துக்கொண்ட நிகழ்ச்சிக்கு வருவோம். 2009ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகரின் பெங்கால்ஸ் அணி 16 ஆட்டங்களில் 10 வென்று தன் பிரிவில் முதலிடம் பெற்றது. பந்தை ஏந்தி ஓடுவதும் எதிரணியை உறுதியாகத் தடுப்பதுமே அவ்வணியின் வலிமை. அதன் எறிஞர் கார்சன் பாமர் அவ்வாண்டு எறிந்தவை 466. மறு ஆண்டு ஜூலைத் திங்களில், 36 வயது நிரம்பிய ஓவன்ஸை ஓராண்டு ஒப்பந்தத்தில் அவ்வணி சேர்த்துக்கொண்டது. அவருக்கு அது ஐந்தாவது அணி. அங்கே ஏற்கெனவே சாட் ஓச்சோசிங்கோ என்னும் மற்றொரு பகட்டான ரிசீவர் இருந்தார். சட்டையில் பொறித்த 85 என்ற எண்ணைக் குறிக்கும் வகையில், 2008இல் தம் குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்டவர் அவர். இருவரும் இணைந்து தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றும் நடத்தலாயினர். ஊர் முழுவதும் எதிர்பார்ப்பு மிகுந்தது.

விளைந்தது என்ன? முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்ற அணி, அடுத்த பத்து ஆட்டங்களிலும் தொடர்ந்து தோற்றது. ஆண்டின் முடிவில் வெற்றி 4, தோல்வி 12. பாமரின் எறிகள் 586ஆக உயர்ந்திருந்தன. ஓடி வென்ற அணி எறிந்து தோற்றது. வந்தவர்க்கு ஏற்ப வீட்டின் வழக்கமே மாறிப்போயிற்று.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. ஓவன்ஸ் தம் கடமையில் தவறினாரல்லர். அக்டோபர் 3ஆம் நாள் கிளீவ்லாந்து அணியை எதிர்த்து அவர் ஒருவரே 10 பந்துகளைப் பிடித்து 222 கெஜம் கடந்தார். அணியோ 20க்கு 23 என்று தோற்றது. அவ்வாண்டு முழுவதும் 72 பந்துகள், 983 கெஜம் என அணியின் ரிசீவர்களுள் முதலிடமும் அவருக்கே. தடுப்பாட்டம் தளர்ந்தது முதலிய வேறு காரணங்களும் இருந்தமையால், தோல்விப் பழியை அவர் ஒருவர் தலையில் சுமத்துவது அறமாகாது. தனி ஒருவர் சிறப்பதும் கூட்டம் சிறப்பதும் வேறு வேறு என்பதே இங்கு நாம் காணவேண்டியது.

டிசம்பரில் ஓவன்ஸ் முழங்காலில் அடிபட்டு விலகினார். ஓச்சோசிங்கோவும் காயமுற்று ஓய்ந்தார். அப்போது ஜெரோம் சிம்ப்சன் என்னும் இளைஞர்க்கு இடம் கிடைத்தது. 2008இலேயே அணியில் சேர்க்கப்பெற்றும், முதல் ஈராண்டுகளில் அவர் பிடித்த பந்து ஒன்றே ஒன்று. டிசம்பர் 26ஆம் நாள் சான் டியேகோ அணிக்கு எதிராக அவர் 6 பந்துகளைப் பிடித்து 124 கெஜம் கடந்து, இருமுறை எல்லையைத் தொட்டார். அணி 34க்கு 20 என வென்றது. அதுவரை அவ்விளைஞரின் திறமை எங்கே போயிருந்தது? எங்கும் போகவில்லை; அதே வீட்டின் பின்வரிசையில்தான் அமர்ந்திருந்தது. மறு ஆண்டில் மூத்தோர் இருவரும் அங்கு இல்லை. புதிதாய் வந்த ஏ. ஜே. கிரீன், ஆண்டி டால்டன் முதலிய இளையோருடன் அணி 9 வெற்றிகள் பெற்று, அடுத்த சுற்றுக்கும் தகுதி பெற்றது.

இதனைக் கொண்டு மூத்தோரை அழைத்தலே பிழை என்று முடிவு கட்டுவோர் அவசரப்படுகின்றனர். நாம் நன்கறிந்த கால்பந்திலிருந்தே மறுப்பு உண்டு. 1990ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்குக் கேமரூன் நாடு, நாட்டின் அணியிலிருந்து முன்னரே ஓய்வு பெற்றிருந்த ரோஜர் மில்லாவை மீண்டும் அழைத்தது. நாட்டின் அதிபரே அவரை வேண்டிக்கொண்டார். வயது 38, ஆரவாரத்திலும் குறைந்தவரல்லர். கோல் அடித்ததும் மூலைக்கொடியருகே ஓடி ஆடிய ஆட்டத்தை உலகமே கண்டது. ஆயினும் பயிற்சியாளர் அவரைத் தொடக்கத்தில் இறக்கவில்லை. இளையோர் ஓடி எதிரணியைக் களைப்பிக்க, பிற்பகுதியில் மாற்று ஆட்டக்காரராகவே அவர் வந்தார். ருமேனியாவிற்கு எதிராக இரண்டு, கொலம்பியாவிற்கு எதிராக இரண்டு என நான்கு கோல்களும் அவ்வாறு வந்தவையே. காலிறுதியை எட்டிய முதல் ஆப்பிரிக்க அணி என்னும் பெருமை கேமரூனுக்குக் கிட்டியது. இளையோரின் இடத்தைப் பறிக்காமலே மூத்தவரின் அனுபவம் பயன்பட்டது.

இருவரும் மூத்தோர், இருவரும் பகட்டர், இருவரும் திறமிக்கோர். வேறுபாடு அழைத்தவரிடத்தில் இருந்தது. ஓர் அணி, வந்தவரைச் சுற்றித் தன்னை மாற்றிக்கொண்டது. மற்றோர் அணி, தன் தேவைக்கேற்ப வந்தவரை அமர்த்திக்கொண்டது. திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரம் வகுத்ததோடு நில்லாமல், அதனையடுத்தே 'தெரிந்து வினையாடல்' என மற்றோர் அதிகாரமும் வகுத்தமை ஈண்டு எண்ணத்தக்கது. ஆளைத் தேர்ந்தெடுப்பது ஓர் அறிவு. தேர்ந்தவரை உரிய வினையில் அமர்த்துவது வேறோர் அறிவு. முன்னதில் தேறியவர் பலர் பின்னதில் தவறிவிடுகின்றனர்.

ஆட்டக்களத்தையும் ஸஹாபாப் பெருமக்களின் வரலாற்றையும் ஒரு தட்டில் வைப்பது நம் கருத்தன்று. எனினும் தலைமையின் பண்பை எண்ணும்போது ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வாராமற் போகாது. கி.பி. 634இல் கலீபாப் பொறுப்பேற்ற உமர் (ரலி) அவர்கள், வெற்றி மேல் வெற்றி குவித்த காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களைத் தலைமைத் தளபதிப் பொறுப்பிலிருந்து மாற்றி, அபூ உபைதா (ரலி) அவர்களை அமர்த்தினார்கள். வெற்றி இறைவனால் அன்றி ஒரு மனிதரால் வருகிறது என மக்கள் எண்ணிவிடலாகாது என்பதே அதற்குக் காரணமென வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். காலித் (ரலி) அவர்களும் மனம் கோணாமல் அபூ உபைதா (ரலி) அவர்களின் கீழ் நின்று போரிட்டார்கள். 636இல் யர்மூக் களத்திலும் அவர்களின் வீரம் பயன்பட்டது. பெருந்திறமையை எறிந்துவிடாமலும், அதற்கு அடிமையாகாமலும் நடந்துகொண்ட தலைமை அது.

நம் கல்வி நிறுவனங்களும் இலக்கிய மன்றங்களும் சமுதாய அமைப்புகளும் பெரும்பெயர் கொண்டோரை நாடுவது இயல்பே. அவர்கள் வரவால் மேடை நிறையும். அழைப்பிதழும் பொலிவு பெறும். அத்தோடு மேலும் ஒரு கணக்குப் பார்த்தல் வேண்டும். அப்பெரியவர் இருக்கும் காலத்தில் நம் இளம் ஆசிரியருள் எத்தனை பேர் அவரிடம் பயின்று மேடையேறினர்? அவர் சென்றபின் அப்பணியைத் தாங்கும் தோள்கள் எத்தனை? பின்வரிசையில் வாய்ப்பின்றி அமர்ந்திருக்கும் சிம்ப்சன்கள் நம்மிடையேயும் உளர். மூத்தவர் அடிபட்டு வீழும் நாள் வரை அவர்களைக் காத்திருக்கச் செய்வது எவ்வகையிலும் முறையாகாது.

மாணவச் செல்வங்களுக்கும் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஓவன்ஸின் பேனாவையும் மில்லாவின் நடனத்தையும் பார்த்துப் பின்பற்றுவது எளிது. முறிந்த காலோடு போராடி ஏழு வாரங்களில் எழுந்து வந்த உழைப்பையும், பிற்பகுதியில் இறக்கினாலும் முகம் சுளிக்காமல் ஆடிய பணிவையும் பின்பற்றுவதே அரிது. அரியதைப் பின்பற்ற முயலுங்கள். பெரியோர்களோ, மூத்தோரை மதித்து அழையுங்கள். அழைத்த பின், இளையோர் நிற்கவும் அம்மேடையில் இடம் விடுங்கள்.