படத்தின் பின்னால் பெயர் எழுதினீர்களா?

எங்கள் வீடு செங்கல்பட்டில் இருக்கிறது. பரணில் ஒரு தகரப் பெட்டி உண்டு. பொங்கலுக்கு வெள்ளை அடிப்பதற்காக அதை இறக்கினோம். திறந்து பார்த்தால், பெட்டி நிறையப் போட்டோ!

வெள்ளை அடிக்கும் வேலை நின்றது. எல்லோரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம்.

அதில் ஒரு பழைய படம். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். ஒருவர் எங்கள் ஆயா. இன்னொருவர் யார்?

"ஆயாவின் அக்கா" என்றார் அப்பா.

"இல்லை, தாத்தாவுக்குத் தங்கை முறை" என்றார் பெரியப்பா.

"பக்கத்து வீட்டு அம்மா என்றல்லவா எனக்குச் சொன்னார்கள்!" என்றார் அத்தை.

படத்தைத் திருப்பிப் பார்த்தோம். பின்னால் தாத்தாவின் பெயர் இருந்தது. அவர் பார்த்த உத்தியோகமும் இருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. ஆயாவின் பெயர்கூட இல்லை!

கேட்கலாம் என்றால் ஆயா இல்லை. அவர் இருந்தபோது நாங்கள் கேட்கவில்லை.

அந்த அம்மாள் எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தாரோ, தெரியாது. எத்தனை நாள் எங்களுக்குச் சோறு வடித்தாரோ, அதுவும் தெரியாது. முகம் இருக்கிறது. பெயர் போய்விட்டது.

கல்லிலும் இதே கதை!

சில நாள் கழித்து மாமல்லபுரம் போனேன். செங்கல்பட்டில் பஸ் ஏறினால், திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்விடலாம்.

மாமல்லபுரம் போகிறவர்கள் கடற்கரைக் கோயிலைப் பார்ப்பார்கள். வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிப்பது போல நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஆதிவராகர் குகைக் கோயிலுக்குப் போகிறவர்கள் குறைவு. அது குன்றின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. பூசை நடக்கும் கோயில். எந்த நேரமும் திறந்திருக்காது.

அதன் உள்ளே பாறையில் இரண்டு குடும்பப் படங்கள் இருக்கின்றன. சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் பல்லவர் காலத்தில் செதுக்கியவை.

ஒரு பக்கத்தில் ஓர் அரசன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு அருகே இரண்டு அரசிகள் நிற்கிறார்கள். எதிர்ப் பக்கத்தில் இன்னோர் அரசன் நிற்கிறான். அவனோடும் இரண்டு அரசிகள். ஒருத்தியின் கையைப் பிடித்திருக்கிறான்.

அரசர்களுக்கு மேலே பெயர் வெட்டியிருக்கிறது. ஒருவன் சிம்மவிஷ்ணு. மற்றவன் மகேந்திரன். அரசிகள் நான்கு பேர். நான்கு பேருக்கும் பெயர் இல்லை!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தகரப் பெட்டிப் படம்தான் கண் முன் நின்றது. அரண்மனையில் நடந்த தவறுதான் எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது.

இன்னொரு சங்கதியும் உண்டு. அரசர்களின் பெயர் தெரிந்தும் சண்டை தீரவில்லை. சிம்மவிஷ்ணுவும் அவன் மகன் முதலாம் மகேந்திரவர்மனும் என்று சிலர் சொல்கிறார்கள். பின்னால் வந்த பல்லவ அரசர்கள் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். ஏன் இந்தக் குழப்பம்? பல்லவ குலத்தில் ஒரே பெயர் மறுபடி மறுபடி வரும். இந்தச் சிலைகளுக்கு மேலே ஆண்டு வெட்டவில்லை. யார் மகன் என்றும் வெட்டவில்லை.

நம் வீடுகளிலும் தாத்தா பெயரைத்தானே பேரனுக்கு வைக்கிறோம்? நாளைக்கு இதே குழப்பம் வராதா?

நான்கு விவரம் போதும்

ஆகவே, ஒவ்வொரு படத்துக்கும் நான்கு விவரம் எழுதுங்கள். பெயர், உறவு, ஊர், ஆண்டு. இவ்வளவுதான்.

பெண்களுக்குச் சொந்தப் பெயரை எழுதுங்கள். "இன்னார் மனைவி" என்று எழுதினால் போதாது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு அல்லவா?

பழைய படம் என்றால், பின்னால் ஓரத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனாவை அழுத்தி எழுதினால் முன் பக்கத்தில் தடம் விழும். மையும் ஊறும். புதிய படங்களின் பின்புறம் வழவழப்பாக இருக்கும். பென்சில் பிடிக்காது. அதற்கு ஆல்பத்தின் பக்கத்திலேயே, படத்துக்குக் கீழே எழுதிவிடுங்கள்.

"எல்லோரும் நம் ஆட்கள்தானே! பெயர் தெரியாதா?" என்று கேட்பீர்கள். உங்களுக்குத் தெரியும். உங்கள் பேரனுக்குத் தெரியுமா?

எந்தப் படத்தை வைப்பது?

கல்யாண ஆல்பத்தைப் பாருங்கள். மாலையும் நகையுமாக ஒரே மாதிரி நூறு படம். அவற்றில் பத்து போதும்.

மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபம் இருக்கிறது. கண்ணன் மலையைத் தூக்கி நிற்கும் காட்சி. பக்கத்திலேயே ஒருவன் பால் கறக்கிறான். பசு கன்றை நக்குகிறது. ஒரு பெண் தலையில் பானை சுமந்து போகிறாள். கடவுளுக்குப் பக்கத்தில் கறவை மாட்டுக்கும் இடம் கொடுத்தான் அந்தச் சிற்பி!

நீங்களும் இடம் கொடுங்கள். அம்மா தோசை வார்க்கும் படத்தை வையுங்கள். அப்பா சைக்கிளோடு நிற்கும் படம், கடற்கரை ஊரானால் வலை பின்னும் படம், இவையும் வேண்டும். வேலை செய்கிறவர்தான் பெரும்பாலும் படத்தில் இருப்பதில்லை. அவரைத் தேடிப் பிடித்து வையுங்கள்.

அடுக்கும்போது மூத்தவர் முதலில், பிறகு மக்கள், பிறகு பேரன் பேத்திகள் என்று வரிசைப்படுத்துங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு படம் போதும். பெயர் எழுத இடம் விடுங்கள்.

பசை தடவிய பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பம் வேண்டாம். பழைய படம் அதில் ஒட்டிக்கொள்ளும். எடுக்கப் போனால் கிழியும். நான்கு மூலையையும் செருகி வைக்கும் ஆல்பமே நல்லது.

கடல் கொண்டுபோனது

கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். ஆல்பத்தைச் சுவரை ஒட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். காற்றோட்டமான அலமாரியில், தரைக்கு மேலே வையுங்கள்.

2004 டிசம்பர் 26-ம் தேதியை இந்தக் கரை மறக்காது. சுனாமி வந்தது. உயிரையும் வீட்டையும் இழந்தவர்கள் உண்டு. இறந்துபோன பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஒரு படம்கூட மிஞ்சாத வீடுகளும் உண்டு.

2011-ல் ஜப்பானில் சுனாமி வந்தது. சேற்றில் கிடந்த லட்சக்கணக்கான போட்டோக்களைத் தொண்டர்கள் பொறுக்கிக் கழுவினார்கள். காயவைத்து உரியவர்களைத் தேடினார்கள். எத்தனையோ படங்கள் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. உரியவர் யார் என்று தெரியாமல் நின்றுபோன படங்களும் நிறைய.

ஆகவே, முக்கியமான படங்களுக்குப் பிரதி எடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். இன்னொன்று கடலுக்குத் தூரத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

"செல்போனில் ஆயிரம் படம் இருக்கிறதே!" என்பீர்கள். போன் தண்ணீரில் விழுந்தால்? தொலைந்து போனால்? ஆண்டுக்கு இருபது படமாவது தேர்ந்தெடுத்து அச்சுப் போடுங்கள். பெயர் எழுதுங்கள்.

இந்த ஞாயிறே செய்யுங்கள்!

எங்கள் வீட்டில் இப்போது ஆல்பம் தயார். முதல் பக்கத்தில் அந்தப் பழைய படம்தான். ஆயாவின் பெயரை எழுதினோம். தாத்தாவின் பெயரை எழுதினோம். மூன்றாவது ஆளுக்குக் கீழே, "பெயர் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எழுதவும்" என்று எழுதி, ஒரு கோடு இழுத்திருக்கிறோம்.

வீட்டுக்கு வரும் முதியவர்களிடம் எல்லாம் அந்தப் பக்கத்தைக் காட்டுகிறோம். கோடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா? நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். இன்றைக்கே பெட்டியை இறக்குங்கள். அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு படமாக எடுத்துக் கேளுங்கள்: "இது யார்?"

அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.