யாருடைய ஈரத்தைப் பூட்டச் சொல்கிறீர்கள்?

"தலை தோய்ஞ்ச கையோட, மயிர் ஈரமா இருக்கேக்கயே கொஞ்சம் வாசலினை எடுத்து நுனியில பூசுங்கோ. ஈரம் உள்ளுக்கயே பூட்டுப்பட்டுடும். விடிய எழும்பிப் பாருங்கோ, பட்டு மாதிரி இருக்கும்."

ஒரு சொல் முன்னப்பின்ன, இந்த வசனத்தை எத்தினை வீடியோவில் கேட்டிருப்போம்? ரிக்ரொக்கில் கேட்டோம், யூரியூப்பில் கேட்டோம், பிறகு சொந்தக்கார அன்ரிமார் வட்ஸ்அப்பில் அனுப்பியும் கேட்டோம். இப்ப மருதனார்மடத்துப் பெட்டையளின்ர அலுமாரியிலும் அந்த டப்பா வந்திருந்துவிட்டது. அதைப் பற்றிக் கொஞ்சம் சண்டை பிடிக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு ஆளை இருத்திவிட வேண்டும். "பெற்றோலியமாம், கெமிக்கலாம், நஞ்சாம்" எண்டு கத்திக்கொண்டு வாறவர், தயவுசெய்து இருங்கோ. நல்லாச் சுத்திகரித்த பெற்றோலியம் ஜெலி நஞ்சில்லை. வெடித்த உதட்டுக்கும் குழந்தைப் பிள்ளையின்ர தோலுக்கும் வைத்தியர்மாரே பூசச் சொல்கிற சாமான் அது. தோலில் இருந்து ஆவியாகிப் போகிற நீரை 98 வீதம் வரைக்கும் அது மறித்துவிடும், அந்த வேலையில் அதை வெல்ல ஆளில்லை. எங்கட கோபம் டப்பாவில் இல்லை. அதைத் தலைமயிருக்குப் பூசச் சொல்லேக்க சொல்லுகிற கதையில்தான் கோபம்.

டப்பாவின்ர கதை சுவாரசியமானது. 1859 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள். இறைக்கிற கம்பிகளில் மெழுகு மாதிரி ஒரு கறுப்புப் பசை ஒட்டி வேலையைக் கெடுத்தது. தொழிலாளர் அதையே வெட்டுக்காயத்துக்கும் தீக்காயத்துக்கும் பூசினார்கள். றொபேர்ட் செஸ்பிரோ எண்ட இளம் இரசாயனவியலாளர் அந்தப் பசையைக் கொண்டுபோய்ச் சுத்திகரித்து, 1872 இல் காப்புரிமை எடுத்தார். தோலைப் பதனிடலாம், இயந்திரத்துக்கு மசகாப் போடலாம், வெடித்த கைக்குப் பூசலாம் எண்டு அதில் எழுதிவைத்தார். சப்பாத்துத் தோலில் இருந்து மனிசத் தோல் வரைக்கும் ஒரே டப்பா. 'வாசலின்' எண்ட பெயரைத் தண்ணிக்கான ஜேர்மன் சொல்லையும் எண்ணெய்க்கான கிரேக்கச் சொல்லையும் ஒட்டித்தான் செய்ததாகச் சொல்லுவார்கள். பெயரில் தண்ணி இருக்கு, டப்பாவுக்குள் ஒரு துளி கிடையாது. ஈரம் தருகிற சாமான் எண்டு நினைத்து வாங்குகிற எல்லாரும் இதைக் கவனிக்க வேண்டும். அது வெறும் மூடி.

மூடி தோலில் ஏன் வேலை செய்யுது? தோல் உயிருள்ளது, கீழே இருந்து நீர் வந்துகொண்டே இருக்கும், மூடினால் தங்கும். தலைமயிர் அப்பிடியில்லை. வேருக்கு வெளியே வந்த மயிர் செத்த மயிர். கீழே இருந்து அதுக்கு ஒருத்தரும் தண்ணி அனுப்புறதில்லை. அது நீரை எடுக்கிறதும் விடுகிறதும் சுத்தியுள்ள காற்றோடதான். காற்றின்ர ஈரப்பதன் 65 வீதமாக இருக்கேக்க, மயிரின்ர எடைக்கு ஏறக்குறைய 15 வீதம் நீரை எடுத்து வைத்திருக்கும். 100 வீதமாகினால் அது 30 ஐத் தாண்டும்.

இனித்தான் பகிடி. மாரி காலத்தில் தலை 'பம்ம்' எண்டு எழும்பி நிக்குது, சீப்புக்கு அடங்குதில்லை. உடனே "ஐயோ, என்ர தலை வறண்டு போச்சு" எண்டு சொல்கிறோம். உண்மையில் அந்த நேரம் அதுக்குள் ஈரம் கூடிப்போய் ஊதியிருக்கு. காற்று உலர்ந்த நாளில் மயிருக்குள் ஈரம் குறைவு, ஆனால் அது படிந்து வழுவழு எண்டு கிடக்கும். அதைத்தான் 'ஈரப்பதமான ஆரோக்கியமான முடி' எண்டு விளம்பரத்தில் காட்டுகினம். போதாக்குறைக்கு, நனைந்த மயிர் உலர்ந்த மயிரை விடப் பலவீனமானது, இழுத்தால் கெதியா நீண்டு அறும். அப்ப 'ஈரத்தைப் பூட்டுறது' எண்டால் என்ன? கடலால சூழ்ந்த குடாநாட்டில், வியர்த்து ஒழுகிற சித்திரை வெயிலில், எந்த ஈரத்துக்குப் பூட்டு? வாசலின் பூசினால் மினுங்கும், படியும், அது பொய்யில்லை. மேலே ஒரு பூச்சு ஏறியதால் மினுங்குது. கதவுக்கு வார்னிஷ் அடித்தாலும் மினுங்கும்தானே. கதவுக்கு ஈரம் ஊட்டினோம் எண்டு ஒருத்தரும் சொல்லுறதில்லை.

அப்ப இந்த அறிவுரை எங்கே பிறந்தது? இதைத்தான் வீடியோக்காரர் சொல்லவே மாட்டினம். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடம் இருந்து வந்தது. இறுகச் சுருண்ட மயிரில், தலைத்தோலில் சுரக்கிற எண்ணெய் நுனி வரைக்கும் இறங்காது. ஒவ்வொரு வளைவிலும் முறிகிற பயம் இருக்கு. அதுக்கு அவை முதலில் தண்ணி, பிறகு எண்ணெயோ கிறீமோ, கடைசியாக மூடி எண்டு ஒரு ஒழுங்கைக் கண்டுபிடித்தினம். இதுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கு. மேடம் சி. ஜே. வோக்கர் எண்ட பெண் 1867 இல் லூசியானாவில், அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு, விடுதலைக்குப் பிறகு பிறந்தவ. வீட்டில் குழாய்த் தண்ணி இல்லாமல், அடிக்கடி தலை கழுவ வழியில்லாமல், தலைத்தோல் நோயால் மயிர் கொட்டிய பெண்களுக்காகப் பெற்றோலியம் ஜெலியும் கந்தகமும் கலந்த பூச்சொன்றை விற்று, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை குடுத்தவ. இயல்பான சுருட்டை மயிரோடு வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போனதுக்காகத் தண்டிக்கக் கூடாது எண்டு கலிபோர்னியா சட்டம் போட்டது 2019 இல்தான். அவ்வளவு அவமானத்துக்கும் போராட்டத்துக்கும் நடுவில் உருவான அறிவு அது. எங்கட அழகுக் குறிப்புக்காரர் ஆக்களை வெட்டி எறிந்துவிட்டு டப்பாவை மட்டும் எடுத்து வந்திருக்கினம். அதோட நிக்காமல், அதே வீடியோவில் 'சுருட்டையைப் படிய வைக்கிற ரகசியம்' எண்டும் சொல்லுகினம். சுருட்டையைக் காப்பாத்த வந்த முறையால் சுருட்டையை அடக்கச் சொல்லுறது!

பாதி வழி ரொறொன்ரோவாலும் லண்டனாலும் வந்தது. அங்க பனிக்காலத்தில் ஹீற்றர் போட்ட வீட்டுக்குள் காற்று காய்ந்து கிடக்கும். சித்திமார் உதட்டுக்கும் காலுக்கும் தலை நுனிக்கும் வாசலின் பூசுறது அந்த வீட்டுக்குச் சரி. ஊருக்கு வரேக்க சூட்கேசுக்குள் சொக்கிலேற்றோட டப்பாவும் வருகுது. காலநிலையைச் சூட்கேசில் கொண்டுவர ஏலாதே.

சரி, மருதனார்மடத்துக்கு வருவோம். எங்கட பெட்டையளின்ர தலை சொரசொரப்பாகுறது பொய்யான முறைப்பாடு இல்லை. ஆனால் ஒரு வீடியோவும் கேக்காத கேள்வி ஒன்று இருக்கு: எந்தத் தண்ணியில தோயுறியள்?

குசினிக்குள் போய்க் கேத்திலைத் திறந்து பாருங்கோ. அடியில் வெள்ளையாப் படிந்திருக்குதே, அதுதான் பதில். குடாநாடு சுண்ணக்கல்லுக்கு மேல் இருக்கு. வருசம் முழுக்க ஓடுகிற ஆறு எங்களுக்கு இல்லை. மழை சுண்ணக்கல்லுக்குள்ளால் இறங்கி, கல்சியத்தைக் கரைத்துக்கொண்டுதான் கிணத்துக்கு வருகுது. அந்த வன்தண்ணியில் சவர்க்காரம் நுரைக்காது, திரைஞ்சு வெள்ளைப் பசையாகி மயிரிலேயே ஒட்டும். கேத்திலில் படிகிற அதே கல்சியம் தலையிலும் படியும். மயிர் சொரசொரக்கும், சிக்குப்படும். இதுக்கு மேல் வாசலினைப் பூசினால் பூட்டுறது ஈரத்தையில்லை, சுண்ணாம்பை.

தண்ணிக் கதை சுண்ணாம்போட முடியவுமில்லை. எங்கட சந்தியில் இருந்து காங்கேசன்துறை வீதியால் இரண்டு கிலோமீற்றர் அளவில் சுன்னாகம். அங்க மின்நிலையத்தைச் சுத்தின கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை மறந்திட்டமா? வீதி வீதியாத் தாங்கி வைத்து பவுசரில் குடிதண்ணி குடுத்தது நேற்றையான் கதை. அந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு குடுக்க வேண்டும் எண்டு தீர்ப்புச் சொன்னது. அந்தத் தண்ணியால்தான் ஆருக்கும் தலைமயிர் கொட்டியது எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. கிணத்துக்குள் பெற்றோலியம் வந்தபோது ஊரே வீதிக்கு இறங்கியது, அது சரியான கோபம். இன்றைக்கு ஒரு பிள்ளை "என்ர தலை பழுதாப் போகுது" எண்டால் தண்ணியைப் பற்றி ஒரு சொல் கேக்காமல், காசு குடுத்துப் பெற்றோலியத்தைத் தலையில் வைக்கச் சொல்கிறோம். ஊரின்ர பிரச்சினை ஒரு பெட்டையின்ர சோம்பேறித்தனமாகி, அவளின்ர பொக்கற் காசில் வந்து நிக்குது.

பூசினது கழருமா எண்டால், அதுவும் இல்லை. வாசலின் தண்ணியில் கரையாது, கிணத்துத் தண்ணியின்ர சூட்டுக்கு இளகவும் மாட்டாது. எங்கட கூட்டத்தில் ஒரு தோழி கலியாண வீட்டுக்கு முதல்நாள் வேர் தொடக்கம் நுனி வரைக்கும் பூசினவ. ஷாம்பு பைக்கற் ஐந்து முடிந்து, கடைசியில் கோப்பை கழுவுகிற சவர்க்காரம் வரைக்கும் போனா. அது வாசலினோட சேத்து இருந்த எண்ணெய்த்தன்மையையும் உரித்துக்கொண்டு போனது. அடுத்த கிழமை தலை முந்தியை விட மோசம். "பாத்தீங்களா, எவ்வளவு வறண்டிருக்கு, இன்னும் பூசுங்கோ" எண்டு போன் சொல்லுது. வியாபாரத்துக்கு இதைவிட நல்ல வட்டம் கிடையாது. இதுக்குள் காங்கேசன்துறை வீதிப் புழுதி அந்தப் பசையில் ஒட்டுறது வேறு.

இந்த இடத்தில் "அப்பவே சொன்னம், எங்கட தேங்காயெண்ணெயை விட்டிட்டு" எண்டு சிலர் எழும்புவினம். அவைக்கும் கொஞ்சம் இருக்கு. தேங்காயெண்ணெய் மயிருக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்குது, கனிய எண்ணெய் அப்பிடிச் செய்யவில்லை எண்டு 2003 இல் ஒரு ஆய்வு வந்தது உண்மை. அதைச் செய்தவை மரிக்கோ நிறுவனத்தின்ர ஆய்வாளர்கள், பரசூட் தேங்காயெண்ணெய் விற்கிற அதே நிறுவனம். அதுக்காக முடிவு பொய்யாகிவிடாது. தேங்காயெண்ணெயின்ர கொழுப்பமிலம் சின்னதும் நேரானதும் எண்டதால் உள்ளே போகுது எண்ட விளக்கம் பொருந்தித்தான் வருகுது. ஆனால் எண்ணெய் வைத்தால் முழங்கால் வரைக்கும் வளரும் எண்டதெல்லாம் சும்மா கதை.

அம்மம்மா காலத்துத் தலைமயிரும் சுதந்திரமாக இருந்ததில்லை. அவிழ்த்து விட்டால் 'தலைவிரிகோலம்', மூதேவி. எண்ணெய் வைத்து இழுத்து, காது நோக இரட்டைப் பின்னல். பெண் பாக்க வாறவை பின்னலின்ர நீளத்தையும் பாத்தினம். உடுவிலில் பெண் பிள்ளையளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் 1824 இல் தொடங்கியது. மருதனார்மடத்தில் சேர் பொன். இராமநாதன் பெண்களுக்குக் கல்லூரி கட்டியது 1913 இல். நடக்கிற தூரத்துக்குள் இரண்டு நூற்றாண்டுப் பெண் கல்வி இருக்கிற இடம் இது. இங்க இன்னும் ஒரு பெட்டையைக் கண்டால் முதல் வாற கதை "என்ன பிள்ளை, தலை இப்பிடிக் கிடக்கு?" அம்மம்மா எண்ணெயால் படிய வைத்தா, வீடியோ வாசலினால் படிய வைக்குது. படிஞ்சுதான் இருக்க வேணும் எண்டு ஆர் முடிவெடுத்தது எண்டு இரண்டு பக்கமும் கேக்கிறதில்லை. பெடியளின்ர தலை எழும்பி நிண்டால் அது ஸ்ரைல், அதுக்கு ஜெல் பூசி இன்னும் எழுப்புவினம்.

"அப்ப என்னதான் செய்யுறது?" எண்டு கேக்கிறவைக்கு: மழை பெய்யேக்க கூரைத் தண்ணியை, முதல் ஊத்தல் போனபிறகு, பிடித்து வையுங்கோ. கடைசி ஊத்தலுக்கு அது ஒரு வாளி போதும். மழையில்லாத நாளில் ஒரு வாளி தண்ணிக்குப் பாதித் தேசிக்காய் பிழிந்து அலசி, பிறகு கொஞ்சம் வெறுந்தண்ணி ஊத்துங்கோ. அம்மம்மாமார் தேசிக்காய் வைத்ததில் இருந்த இரசாயனம் இதுதான், புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும். சாறைத் தோலில் விட்டுக்கொண்டு வெயிலுக்குப் போகவேண்டாம், புண்ணாக்கும். சவர்க்காரக் கட்டியைத் தலைக்குப் போடாதேங்கோ, வன்தண்ணியில் ஷாம்பு அதைவிடப் பரவாயில்லை. ஈரத் தலையை இழுக்காதேங்கோ, அகலப்பல் சீப்பால் நுனியில் இருந்து மேலே போங்கோ.

இறுகின சுருட்டை உள்ளவை எங்களுக்குள்ளும் இருக்கினம். அவைக்கு நுனி பிளந்தால், அரிசி அளவு வாசலினை உள்ளங்கையில் தேய்த்து நுனிக்கு மட்டும் தடவலாம், தலைத்தோலுக்கு வேண்டாம். ஏற்கனவே அப்பிக்கொண்டு நிக்கிறவை ஷாம்புவைத் தொட முதல் தேங்காயெண்ணெயை நல்லா ஊறவிட்டு, பழைய பருத்தித் துணியால் துடைத்தெடுங்கோ. எண்ணெயில்தான் அந்தப் பசை இளகும். பிறகு ஷாம்பு, ஒரு பைக்கற் காணும். மிச்ச டப்பா குதிக்கால் வெடிப்புக்கு.